பிரிட்டன் க்ளைமேட் கமிட்டி குழப்பம் பத்தி

வணக்கம் நண்பா, க்ளைமேட் சேஞ்ச் கமிட்டிக்கு எம்பிக்கள் யாரும் உறுப்பினரா இல்லையே, அப்புறம் எப்படி அதை பார்லிமென்ட் கமிட்டின்னு அசைன்மென்ட்ல எழுதறதுன்னு கேட்டிருந்தீங்க. எழுதாதீங்க, அது பார்லிமென்ட் கமிட்டியே இல்ல. 2008 க்ளைமேட் சேஞ்ச் சட்டத்துல உருவான தனி ஆலோசனை அமைப்பு, கார்பன் பட்ஜெட் (அஞ்சு வருஷத்துக்கு நாடு வெளியிடலாம்ங்கற பசுமைக்குடில் வாயுவோட உச்ச அளவு) எவ்வளவு வைக்கலாம்னு அரசுக்கு சொல்றது அதோட வேலை. எம்பிக்கள் உக்காந்து கேள்வி கேக்கறது என்விரான்மென்டல் ஆடிட் கமிட்டி மாதிரி செலக்ட் கமிட்டில, மந்திரியை எதிர்ல உக்கார வச்சு கேப்பாங்க, ஆனா வாயு வெளியேற்றத்தை எவ்வளவு குறைக்கணும்ங்கற டார்கெட்டை மாத்தற அதிகாரம் அவங்களுக்கு கிடையாது, அறிக்கை தான் கொடுக்க முடியும், அதுக்கு அரசு ரெண்டு மாசத்துல பதில் சொல்லணும்ங்கறது வழக்கம்.

உங்க அசைன்மென்ட்டுக்கு நல்ல உதாரணம் 2019 தான். 1990 அளவுல இருந்து 80% குறைப்புன்னு இருந்த டார்கெட்டை 100%னு மாத்துன ஆர்டர் (சட்டத்துக்கு கீழ மந்திரி கொண்டு வர்ற உத்தரவு) காமன்ஸ்ல, அதாவது கீழவைல, ஒன்றரை மணி நேர விவாதத்துல ஓட்டெடுப்பே இல்லாம பாஸாச்சு. இந்த மாதிரி ஆர்டர்ல ஒரு வரி கூட திருத்த முடியாது, ஏத்துக்கணும் இல்லன்னா தள்ளணும், அவ்ளோதான். ஆனா 2007ல அந்த 2008 சட்டத்தோட மூல மசோதா வரைவா இருந்தப்ப ரெண்டு அவையும் சேர்ந்த கூட்டுக் கமிட்டி அதை உக்காந்து அலசுச்சு, அப்ப டார்கெட் 60% தான்! இந்த வித்தியாசத்தை கண்டிப்பா எழுதுங்க, எனக்கு ரொம்ப வருத்தம் தர்ற விஷயம் இது, இவ்ளோ பெரிய முடிவுக்கு ஒன்றரை மணி நேரம் எப்படி போதும்?