விற்பவரிடம் வேலையைக் கேட்காதீர்கள், பணமாகக் கேளுங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். டெக்சஸ் ஃபிரிஸ்கோவில் நீங்கள் வாங்கப்போவது 2004-ல் கட்டிய வீடு, வாங்குபவர் விலகிக்கொள்ளக் கிடைக்கும் 7 நாள் ஆப்ஷன் பீரியடில் மூன்று நாள் போய்விட்டது, வீட்டைச் சோதித்த இன்ஸ்பெக்டர் 58 பக்க ரிப்போர்ட் கொடுத்திருக்கிறார், அதைப் பார்த்துத் தங்கச்சி பயந்துபோயிருக்கிறார். விற்பவரிடம் எதையெல்லாம் சரிசெய்து தரச் சொல்லலாம், 'ஆஸ் இஸ்' (இருக்கும் நிலையிலேயே வாங்குகிறோம்) என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டோமே, இனிமேல் கேட்க முடியுமா என்கிறீர்கள்.

கேட்கலாம். டெக்சஸின் வழக்கமான விற்பனை ஒப்பந்தத்தில் அந்தக் கட்டத்தைத்தான் பெரும்பாலும் டிக் அடிப்பார்கள். ஆப்ஷன் நாட்கள் இருக்கும்வரை காரணமே சொல்லாமல் நீங்கள் விலகலாம். அந்த உரிமைக்காகக் கொடுத்த ஆப்ஷன் ஃபீஸ் போகும், ஒப்பந்தத்தோடு கட்டிய அட்வான்ஸான எர்னஸ்ட் மணி திரும்பி வரும். உங்கள் கையில் இருக்கும் பலம் இது ஒன்றுதான். கடைசி நாள் மாலை 5 மணிக்கு அது முடிந்துவிடும். ரிப்பேர் கேட்டு அனுப்பிவிட்டதால் கெடு நின்றுவிடும் என்று நினைத்துவிடாதீர்கள். "நாளைக்குச் சொல்கிறோம்" என்று எதிர்த்தரப்பு ஏஜென்ட் இழுத்தால், ஆப்ஷனை இன்னும் இரண்டு நாள் நீட்டும் அமெண்ட்மெண்ட்டில் (ஒப்பந்தத் திருத்தத்தில்) இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட வேண்டும். வாய்வார்த்தை போதாது.

அப்புறம் அந்த 58 பக்கம். இங்கே இன்ஸ்பெக்டர்கள் மாநிலம் வகுத்த படிவத்தில்தான் எழுத வேண்டும். வீடு கட்டிய காலத்தில் இல்லாத விதி என்றாலும், இன்றைய மின் பாதுகாப்பு பிரேக்கர் இல்லையென்றால் 'குறை' என்ற கட்டத்தில் குறித்தே ஆக வேண்டும். அதனால் பக்க எண்ணிக்கையைப் பார்த்து வீட்டை எடை போடாதீர்கள். தளர்ந்த கைப்பிடி, ஓடாத எக்ஸாஸ்ட் ஃபேன், ஜன்னல் ஓரத்தில் உரிந்த கால்க் (இடுக்கை அடைக்கும் பசை) எல்லாவற்றையும் ஒரு சனிக்கிழமையில் நீங்களே முடித்துவிடலாம். வீடு பார்க்கப் போனபோது உங்கள் கண்ணுக்குத் தெரியாதது எது, பெரிய செலவு வைப்பது எது என்று மட்டும் பாருங்கள். ஃபவுண்டேஷன், கூரை, ஏசி, தரைக்கு அடியில் போகும் குழாய், மின் பேனல்.

ஃபவுண்டேஷனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், நம்மவர்கள் அதிகம் பயப்படுவதும் ஏமாறுவதும் இதில்தான். டாலஸ் வட்டாரத்தில் பல இடங்களில் கரிசல் போன்ற களிமண். மழையில் ஊதும், கோடையில் சுருங்கி வெடிக்கும். அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கான்கிரீட் சிலாபும் (அடித்தளப் பலகையும்) கூடவே கொஞ்சம் அசையும். சிலாபின் மூலையில் ஒரு துண்டு பெயர்ந்திருப்பதும், சுவரில் முடி போன்ற கீறல் இருப்பதும் இங்கே சாதாரணம். வாசற்கால் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் விரிசல், வெளிச்செங்கலில் படிக்கட்டு மாதிரி போகும் விரிசல், மூடினால் கொண்டியில் விழாத கதவு, இவை சேர்ந்து இருந்தால்தான் கவலை. அப்போதும் இலவசமாக எஸ்டிமேட் தரும் ரிப்பேர் கம்பெனியை முதலில் கூப்பிடாதீர்கள், அவர்கள் விற்பது ரிப்பேர். காசு கொடுத்து ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். அவர் எழுதித் தரும் இரண்டு பக்கத்துக்கு விற்பவரிடம் மதிப்பு இருக்கும்.

கூரைக்கு, இன்சூரன்ஸ் ஏஜென்ட்டிடம் இந்த வாரமே பேசுங்கள். இங்கே ஆலங்கட்டி மழை அடிக்கடி வரும். ஷிங்கிள் (கூரை ஓடு) பழையது என்றால் சில கம்பெனிகள் முழு மதிப்புக்கு பாலிசி தராது. ஆப்ஷன் முடிந்த பிறகு அது தெரிந்து பயனில்லை. ஏசி வீடு கட்டியபோது வைத்ததாகவே இருந்தால் அதில் பெரும்பாலும் ஆர்-22 என்ற பழைய குளிரூட்டும் வாயுவாக இருக்கும். 2020-லிருந்து அமெரிக்காவில் அதைப் புதிதாகத் தயாரிக்கவோ இறக்குமதி செய்யவோ முடியாது. கசிந்தால் நிரப்புவது செலவு.

இனி எப்படிக் கேட்பது என்பது. 2014-ல் பிளேனோவில் எங்கள் முதல் வீட்டுக்கு நான் 34 ரிப்பேர் கேட்டேன். முப்பது கேட்டால் பத்தாவது கிடைக்கும் என்ற நம் ஊர்க் கணக்கு. ஒன்பதுக்கு ஒத்துக்கொண்டார்கள். ஒன்பதும் லேசானவை, ஒன்றைத் தவிர. அது பரணில் இருந்த ஏசி யூனிட்டுக்குக் கீழே துருப்பிடித்த தண்ணீர்த் தட்டு. 'சரிசெய்தாகிவிட்டது' என்றார்கள், நம்பிக் கையெழுத்துப் போட்டோம். ஜூலையில் குழந்தைகள் அறை சீலிங்கில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பழுப்புக் கறை. மேலே ஏறிப் பார்த்தால், தட்டின் ஓட்டையில் வெள்ளை சிலிக்கோனை விரலால் அப்பியிருக்கிறார்கள், விரல் தடம்கூட அப்படியே இருந்தது. சீலிங், தட்டு, ஏசியின் குளிர்விக்கும் காயில் எல்லாம் சேர்த்து 4,300 டாலர் ஆனது. ரிப்பேரை லைசென்ஸ் உள்ளவர்தான், லைசென்ஸ் தேவைப்படாத வேலையென்றால் அதைத் தொழிலாகச் செய்பவர்தான் செய்ய வேண்டும், ரசீது தர வேண்டும் என்று இப்போது ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. நான் அன்று ரசீது எதையும் கேட்கவில்லை.

அதனால்தான் பணமாகக் கேளுங்கள் என்கிறேன். வீட்டை விட்டுப் போகிறவர் மலிவான ஆளைத்தான் தேடுவார். அவர்மேல் குற்றமில்லை, அந்த வீட்டில் அவர் தூங்கப் போவதில்லை. பெரிய விஷயம் இரண்டோ மூன்றோ எடுத்து, ஒவ்வொன்றுக்கும் லைசென்ஸ் உள்ள ஒருவரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். அந்தத் தாளையும் ரிப்போர்ட்டில் அதற்குரிய பக்கத்தையும் மட்டும் அனுப்புங்கள். வீட்டைக் குறை சொல்லி ஒரு வரிகூட எழுத வேண்டாம். பதினைந்து வருடம் குழந்தை வளர்த்த வீடாக இருக்கலாம், மனம் நொந்தால் நியாயமான தொகைக்கும் மறுத்துவிடுவார்கள். நீங்கள் விலகினால் அடுத்து வருபவரின் இன்ஸ்பெக்டரும் இதையே எழுதுவார் என்பது அவர்கள் ஏஜென்ட்டுக்குத் தெரியும்.

பணத்தை விலைக்குறைப்பாக வாங்குவதா, க்ளோசிங் செலவுக்கான (வீட்டை எழுதிவாங்கும்போது ஆகும் கட்டணங்களுக்கான) உதவியாக வாங்குவதா? கையில் ரொக்கம் குறைவாக இருந்தால் இரண்டாவது. 6.5 சதவீத வட்டியில் 30 வருடக் கடன் 10,000 டாலர் குறைந்தால் மாதத் தவணையில் சுமார் 63 டாலர்தான் மிச்சம். ஏசியை இந்தக் கோடையிலேயே மாற்ற வேண்டுமென்றால் அது உதவாது. ஆனால் க்ளோசிங் உதவிக்கு வரம்பு உண்டு. குடியிருக்கப் போகும் வீட்டுக்கான சாதாரண (கன்வென்ஷனல்) லோனில் 10 சதவீதத்துக்கும் குறைவாக முன்பணம் போட்டால் விலையில் 3 சதவீதம் வரை, 10-லிருந்து 25-க்குக் குறைவாகப் போட்டால் 6 சதவீதம் வரை. எப்படியும் உங்கள் உண்மையான க்ளோசிங் செலவைத் தாண்டக் கூடாது. தொகையையும் அமெண்ட்மெண்ட்டின் வாசகத்தையும் அனுப்புவதற்கு முன் லோன் ஆபீசரிடம் காட்டிவிடுங்கள். ரிப்பேர் பட்டியல் அதில் இருந்தால், வேலை முடியாமல் கடன் தரமாட்டோம் என்று பேங்க் சொல்லக்கூடும்.

இன்று புதன். ஏசி ஆளையும் இன்ஜினியரையும் நாளைக்கே வரச் சொல்லுங்கள், வெள்ளி காலையில் தொகையை அனுப்புங்கள், சனிக்கிழமை பதில் வரவில்லையென்றால் நீட்டிப்புக் கேளுங்கள். அவர்கள் நீட்டவும் மறுத்து, இன்ஜினியரும் ஃபவுண்டேஷன் மோசம் என்று எழுதியிருந்தால், ஞாயிறு மாலை 5 மணிக்கு முன்பே விலகல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். தங்கச்சிக்கு அந்த வீடு ரொம்பப் பிடித்திருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள், கஷ்டமாகத்தான் இருக்கும். இன்ஜினியர் தாளில் புரியாதது இருந்தால் எனக்கு அனுப்புங்கள், இரவு எத்தனை மணியானாலும் பார்க்கிறேன்.