பிராங்க்ஃபர்ட்டில் வேலை முடிந்த மாலைகளில் ஊர் பார்க்க முடியுமா?

கேள்வி இதுதான்: வர்த்தகக் கண்காட்சிக்காக இரண்டு நாள் பிராங்க்ஃபர்ட் போகிறீர்கள். பகல் முழுக்க மெஸ்ஸே என்கிற கண்காட்சி வளாகத்தில் வேலை, மாலை மட்டும்தான் கையில். வங்கிக் கட்டடங்களைத் தவிர அங்கே ஒன்றுமில்லை என்கிறார்களே, ஹோட்டலிலேயே இருந்துவிடலாமா?

வேண்டாம், வெளியே கிளம்புங்கள். வேலையாகவே அந்த ஊருக்குப் போய்வருகிறவன் நான். மாலை நேரம் மட்டும் வைத்துக்கொண்டு பார்ப்பதற்கு அதைவிடத் தோதான ஊர் ஐரோப்பாவில் குறைவு என்பது என் எண்ணம். பார்க்க வேண்டியதெல்லாம் மைன் ஆற்றங்கரையை ஒட்டி, நடக்கிற தூரத்தில் இருக்கிறது. தவிர, வியாபார வேலையாக வருகிறவர்களால் வளர்ந்த ஊர் அது. சந்தைக்கு வரும் வணிகர்கள் வழியில் பத்திரமாக வந்துபோகவேண்டும் என்று 1240-இல் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் பாதுகாப்பு ஆணை கொடுத்திருக்கிறார். நீங்கள் போகிற கண்காட்சி அந்த வரிசையில்தான் வருகிறது. சுற்றுலாப் பயணியைவிட உங்களுக்குத்தான் அந்த ஊரில் பழைய உரிமை என்று நினைத்துக்கொண்டு நடங்கள்.

கண்காட்சி வாசலிலேயே சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. யு4 ரயிலில் ஏறினால் வண்டி மாறாமல் 'டோம்/ரோமர்' நிலையத்தில் இறங்கலாம். நிலையத்தில் தடுப்புக் கதவு எதுவும் கிடையாது, ஆனால் சாதாரண உடையில் பரிசோதகர் வருவார். டிக்கெட் இல்லையென்றால் 60 யூரோ அபராதம்.

படியேறி வெளியே வந்தால் பேராலயம். பக்கத்திலேயே ரோமர்பெர்க் சதுக்கம். 1405-இலிருந்து நகர மன்றமாக இருக்கிற ரோமர் கட்டடம் அங்கேதான். அதன் கீழ்த்தள மண்டபங்களில்தான் அந்தக் காலத்தில் சந்தைக் கடைகள் விரித்திருந்தார்கள். சதுக்கத்தின் நடுவில் நீதிதேவதை சிலை, கண்ணைக் கட்டாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்.

எதிரே வரிசையாக நிற்கிற மரச்சட்ட வீடுகளைப் பார்த்ததும் எல்லாரும் போட்டோ எடுப்பார்கள். எடுங்கள். ஆனால் அவை 1980-களில் எழுப்பியவை என்பதும் தெரிந்திருக்கட்டும். 1944 மார்ச்சில் விழுந்த குண்டுகளில் பழைய நகரம் அடியோடு எரிந்துபோனது. சதுக்கத்துக்கும் பேராலயத்துக்கும் நடுவில் இருக்கிற சந்துகள் அதைவிடப் புதியவை. அங்கே 1970-களில் கட்டிய பெரிய கான்கிரீட் அலுவலகம் ஒன்று நின்றது. அதை இடித்துவிட்டு 35 வீடுகள் கட்டி 2018-இல் முடித்தார்கள். அவற்றில் 15 வீடுகள் போருக்கு முன் இருந்ததை அப்படியே பார்த்துக் கட்டியவை. 'போலி' என்று முகம் சுளிக்கிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாத்தா பாட்டி நடந்த சந்துகளைத் திரும்பக் கட்டிக்கொள்ள ஓர் ஊருக்கு ஆசை இருக்கக் கூடாதா?

அங்கிருந்து தெற்கே இறங்கினால் ஆறு. ஐசர்னர் ஷ்டெக் என்ற இரும்பு நடைபாலம் இருக்கிறது. ஊர்மக்கள் தாங்களே பணம் திரட்டி 1869-இல் திறந்த பாலம். 1945-இல் போர் முடிகிற தறுவாயில் ஜெர்மன் படையே அதைத் தகர்த்தது, அடுத்த ஆண்டே திரும்பக் கட்டிவிட்டார்கள். பாலத்தின் மேலே கிரேக்க எழுத்தில் ஒரு வரி ஓடும். கம்பியில் தொங்கும் காதலர் பூட்டுகளைப் பார்க்கிறவர்கள் அண்ணாந்து பார்ப்பதில்லை. ஹோமரின் ஒடிசியில் வருகிற வரி அது: கரிய கடல்மேல், வேறு மொழி பேசும் மனிதரிடம் பயணம் போகிறேன் என்று அர்த்தம். காவியத்தில் இதைச் சொல்வது ஆதீனா தெய்வம், வேற்று மனிதனாக உருமாறி வந்து. இரும்பு ஏற்றிக்கொண்டு போகிறேன், செம்பு வாங்கி வரப் போகிறேன் என்று அடுத்த வரியிலேயே வந்துவிடும். சரக்கோடு கிளம்பிய ஒருவரின் வாய்மொழி! கண்காட்சி அடையாள அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அதற்குக் கீழே நின்றபோது எனக்கு நிஜமாகவே சிலிர்த்தது.

ஜூன் மாதம் என்றால் இரவு ஒன்பதரை வரை வெளிச்சம் இருக்கும், ஆற்றங்கரைப் புல்லில் உட்கார்ந்திருக்கலாம். டிசம்பரில் நாலரைக்கே இருட்டிவிடும். ஆனால் அப்போது ரோமர்பெர்க்கில் கிறிஸ்துமஸ் சந்தை இருக்கும்.

பாலத்தைத் தாண்டினால் ஸாக்ஸன்ஹவுசன். ஆப்பிள் ஒயினுக்குப் பேர்போன பகுதி. குடிக்காதவர்கள் 'பச்சை சாஸ்' கேட்டுச் சாப்பிடுங்கள். ஏழு வகைக் கீரைத்தழைகளை நறுக்கித் தயிரிலோ புளித்த கிரீமிலோ கலந்து, சூடுசெய்யாமல், வேகவைத்த உருளைக்கிழங்கோடும் முட்டையோடும் தருவார்கள். சைவம் என்றால் முட்டை வேண்டாம் என்று சொன்னால் போதும்.

இரண்டாவது மாலை வியாழக்கிழமையாக அமைந்தால் ஆற்றின் தென்கரையில் உள்ள ஷ்டேடல் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். அன்றைக்கு இரவு 9 மணி வரை திறந்திருக்கும், திங்கள்கிழமை விடுமுறை. எல்லாவற்றையும் பார்க்க நினைக்காதீர்கள். டச்சு ஓவியர் வெர்மீர் 1669-இல் வரைந்த 'புவியியலாளர்' ஓவியத்தைத் தேடிப் போய் அதன் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள்.

வேறு நாள் என்றால் பேராலயத்திலிருந்து கிழக்கே பத்து நிமிடம் நடந்து, பழைய யூத மயானத்தின் வெளிச்சுவரைப் பாருங்கள். நாஜிகள் கொன்ற பிராங்க்ஃபர்ட் யூதர்கள் ஏறக்குறைய 12,000 பேருக்கு, ஆளுக்கொன்றாகச் சின்ன உலோகக் கட்டை சுவரில் பதித்திருக்கிறார்கள். பெயர், பிறந்த நாள், இறந்த நாள், இறந்த இடம். இந்த ஊரில் 1929-இல் பிறந்த, நாட்குறிப்பு எழுதிய சிறுமி ஆன் ஃபிராங்கின் பெயரும் அதில் ஒன்று. கட்டைகளின்மேல் யாராவது அஞ்சலியாகக் கூழாங்கல் வைத்துவிட்டுப் போயிருப்பார்கள். பயண நிறுவனங்களின் அரைநாள் பட்டியலில் இந்தச் சுவர் பெரும்பாலும் இருப்பதில்லை, அது எனக்குப் பெரிய வருத்தம். தனியாகப் போங்கள். சில பெயர்களையாவது முழுதாகப் படியுங்கள்.

மத்திய ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள சில தெருக்களில் போதைப் பொருள் புழக்கம் வெளிப்படையாகவே இருக்கும். இரவில் அந்தப் பக்கம் நடக்காமல் ரயிலிலேயே வந்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், வீட்டுக்கு ஏதாவது வாங்குவதென்றால் சனிக்கிழமைக்குள் வாங்கிவிடுங்கள்.

கடைசி நாள் வேலை மதியத்தோடு முடிந்து, விமானம் இரவில் என்றால் பெட்டியை ரயில் நிலைய லாக்கரில் வைத்துவிட்டு கவிஞர் கதே பிறந்த வீட்டுக்குப் போகலாம். அவருடைய நினைவு நாளான மார்ச் 22-ஆம் தேதி, 1944-இல், குண்டு விழுந்து நொறுங்கிய வீடு. சாமான்களை முன்கூட்டியே அப்புறப்படுத்தி வைத்திருந்ததால் வீட்டைத் திரும்பக் கட்டி அவற்றை உள்ளே வைக்க முடிந்தது. நிலையத்திலிருந்து விமான நிலையத்துக்கு எஸ்8, எஸ்9 ரயில்களில் கால் மணி நேரம் போதும்.