வாரா வாரம் பரீட்சை எழுதியும் புள்ளி ஏன் கூடவில்லை?

கேள்வி: மகன் தரம் 10, வெள்ளவத்தையில் ரியூசன். ஒவ்வொரு வாரமும் மாதிரிப் பரீட்சை. கணிதத்தில் புள்ளி 50ஐத் தாண்டவில்லை. இந்தப் பரீட்சைகளை நிறுத்திவிடலாமா?

நிறுத்த வேண்டாம். பரீட்சை எழுதுவதே ஒரு படிப்புத்தான். 2006இல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியலாளர்கள் மாணவர்களுக்குச் சில பந்திகளைக் கொடுத்தார்கள். ஒன்றைத் திரும்ப வாசித்தார்கள். இன்னொன்றை மூடிவைத்துவிட்டு நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசிப்புத்தான் முன்னால். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் தலைகீழ்: எழுதிப் பார்த்ததில் ஏறக்குறைய 56 சதவீதம் நினைவிருந்தது, வாசித்ததில் 42.

சரி, பிறகு ஏன் கூடவில்லை? விடைத்தாள் எப்படித் திரும்பி வருகிறது என்று பாருங்கள். சிவப்பு மையில் 48, அதைச் சுற்றி ஒரு வட்டம், அவ்வளவுதானா? ரூத் பட்லர் இஸ்ரேலிய மாணவர்களிடம் செய்து 1988இல் வெளியிட்ட ஆய்வில், புள்ளி போடாமல் கருத்து மட்டும் எழுதிக் கொடுக்கப்பட்டவர்களே முன்னேறினார்கள். இரண்டையும் சேர்த்து வாங்கியவர்களுக்குக் கருத்து பெரிதாக உதவவில்லை. பிள்ளை முதலில் பார்ப்பது தன் இலக்கத்தை, அடுத்தது பக்கத்தில் இருப்பவனின் இலக்கத்தை. (பக்கத்து ஃபிளாட் பிள்ளையின் இலக்கத்தை அம்மாமார் விசாரித்துவிடுவோம்.)

நிறைந்து வழியும் வகுப்பில் சேர் எல்லாருக்கும் கருத்து எழுதமாட்டார். அதனால் வீட்டில் பிழைத்த மூன்று கணக்குகளை மட்டும் எடுங்கள். எந்தப் படியில் வழுக்கியது என்று மகனே சொல்லட்டும். நாலு நாள் கழித்து, விடையைப் பார்க்காமல் அதே மூன்றையும் திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.