தலைக்கு ரேடியேஷன், மயலின் பாதிப்பு: கேள்வி பதில்

கேள்வி: டாக்டர், அம்மாவுக்கு ரேடியேஷன் முடிந்து ஒரு வருஷம் நன்றாக இருந்தார். இப்போது மறதி, நடையில் தடுமாற்றம். இவ்வளவு தாமதமாகவா வரும்?

வரும் அம்மா. நரம்பு இழைக்கு மயலின் உறை சுற்றுவது ஒலிகோடென்ட்ரோசைட் என்ற செல். ஒரே செல் 50 இடம் வரை சுற்றும். அது பழுதானால் புதிதாக உருவாக்கித் தரும் முன்னோடி செல்கள்தான் கதிரில் எளிதில் சாகின்றன. உறை அன்றைக்கே உரியாது; தேயத் தேய, பழுதுபார்க்க ஆள் இருக்காது. நுண்ணிய ரத்தக் குழாய்களும் கெடும். ஆனாலும் 'ரேடியேஷன்தான்' என்று விட்டுவிடாதீர்கள். கட்டி திரும்பியதா, மூளையில் நீர் கோத்திருக்கிறதா என்று எம்ஆர்ஐ பாருங்கள்; தைராய்டு, பி12 அளவும் பாருங்கள்.

கேள்வி: மகனுக்கு முடிந்து ஆறு வாரம். பகலெல்லாம் தூங்குகிறான்.

குழந்தைகளிடம் 4 முதல் 8 வாரத்தில் அடிக்கடி வருவது. பெரும்பாலும் சில வாரத்தில் தானே தெளியும். வாந்தி, வலிப்பு, எழுப்பினாலும் விழிக்காத நிலை இருந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்கு. ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தினாலும் இப்படிச் சோர்வு வரும், அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: கணவருக்கு நெக்ரோசிஸ், அதாவது கதிர் பட்ட மூளைத் திசு செத்துப்போவது, என்கிறார்கள். டெக்ஸாமெதாசோன் என்ற ஸ்டீராய்டில் சர்க்கரை எகிறுகிறது. பெவாசிசுமாப் போடலாமா?

கேட்க வேண்டிய மருந்துதான். கெட்ட குழாய்கள் கசிந்து வீங்கத் தூண்டும் விஇஜிஎஃப் புரதத்தை அது பிடித்துக்கொள்ளும். 2011-ல் வெளியான சோதனையில் கிலோவுக்கு 7.5 மி.கி., மூன்று வாரத்துக்கு ஒருமுறை. 60 கிலோ ஆளுக்கு 450 மி.கி. வீக்கம் வடியும், ஸ்டீராய்டும் குறையும். செத்த திசுவும் போன மயலினும் திரும்பாது. நிறுத்தியபின் வீக்கம் மறுபடி வரலாம். முன்னதாக பிரஷர், சிறுநீரில் புரதம் பார்க்க வேண்டும். சமீபத்தில் ரத்தக்கசிவு, ரத்த உறைவு, ஆபரேஷன் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்; இந்த மருந்தில் காயம் எளிதில் ஆறாது.

கேள்வி: அப்பாவுக்கு அடுத்த வாரம் முழு மூளைக்கும் 10 தடவையில் 30 கிரே (கதிர் அளவு) கொடுக்கிறார்கள். முன்கூட்டியே காக்க வழி உண்டா?

உண்டு, இப்போதே கேளுங்கள். நினைவுக்கான மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸை விலக்கிக் கதிர் கொடுக்கலாம். கட்டி அதை ஒட்டி இருந்தால் முடியாது. கூடவே நினைவாற்றலைக் காக்கத் தரும் மெமன்டைன் மாத்திரை: முதல் வாரம் தினம் 5 மி.கி., வாரம் ஐந்தாகக் கூட்டி, காலை 10, மாலை 10. மொத்தம் 24 வாரம். கிட்னி பலவீனமென்றால் அளவு குறையும்.

கேள்வி: போன மயலினை ஸ்டெம் செல் சிகிச்சை மீட்குமா?

2015-ல் நியூயார்க்கின் ஸ்லோன் கெட்டரிங் புற்றுநோய் மையத்தில், மனித ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த முன்னோடி செல்களைக் கதிர் பட்ட எலிகளுக்குச் செலுத்தினார்கள். முன்மூளையில் வைத்தபோது நினைவாற்றலும், சிறுமூளையிலும் வைத்தபோது உடல் ஒருங்கிணைப்பும் மீண்டன. எலிகளில்தான். இதை இன்று காசுக்கு விற்பவரிடம் தயவுசெய்து பணம் கட்டாதீர்கள்.