கொல்லிமலை ஏறுகிறவர் போனில் முட்டிக்கொள்கிறார்

கேள்வி: நாமக்கல்லில் 22 ஆண்டுகளாக வாடகைக் கார் ஓட்டுகிறேன். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளும் எனக்கு மனப்பாடம். சவாரிக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனில் கார் பந்தய கேம் விளையாடப் பழகினேன். போனையே ஸ்டியரிங் போலத் திருப்பி ஓட்டுகிறேன். மூன்றாவது வளைவைத் தாண்ட முடியவில்லை. சில நேரம் சொன்னபடி திரும்புகிறது. சில நேரம் மரக்கட்டை போலக் கிடக்கிறது. சில நேரம் நான் ஒரு பக்கம் திருப்ப, அது இன்னொரு பக்கம் இழுக்கிறது. பிரேக்கைத் தொட்டாலே வழுக்குகிறது. எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் அவள் அம்மாவின் போனில் அதே கேமை அநாயாசமாக ஓட்டுகிறாள். “உங்களுக்கு யாரப்பா லைசென்ஸ் கொடுத்தது?” என்று கேட்கிறாள். கேமுக்குள்ளேயே பணம் கட்டி நல்ல காராக வாங்கினால் சரியாகுமா?

பதில்: பணம் கட்டாதீர்கள். வேகமான கார் அதே வளைவுக்கு இன்னும் சீக்கிரம் வந்துசேரும், அவ்வளவுதான் நடக்கும்.

‘சில நேரம் திரும்புகிறது, சில நேரம் மரக்கட்டை’ என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் என் சந்தேகம் விழுந்தது. மரக்கட்டையாகும் நேரங்களில் நீங்கள் சீட்டைப் பின்னால் தள்ளிப் படுத்திருந்தீர்களா? சவாரிக்குக் காத்திருப்பவர் வேறு எப்படி இருப்பார் என்ற ஊகத்தில்தான் கேட்கிறேன்.

கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதைத் தரையில் வைத்து இடமும் வலமுமாக எவ்வளவு சுற்றினாலும் குமிழி நகராது. ஒரு முனையைத் தூக்கினால்தான் ஓடும். போனுக்குள் இருக்கும் முடுக்கமானி (ஆக்சிலரோமீட்டர்) என்ற உணரியும் இந்த விஷயத்தில் அதே ஜாதிதான். பூமி தன்னை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதை வைத்தே சாய்வை அறிகிறது. நிமிர்ந்து உட்கார்ந்து போனை முகத்துக்கு நேரே பிடித்துத் திருப்பினால் ஒரு முனை ஏறும், மறுமுனை இறங்கும், அதற்குப் புரிந்துவிடும். மல்லாந்து படுத்து முகத்துக்கு மேலே பிடித்துத் திருப்பினால் இரண்டு முனைகளும் ஒரே மட்டத்தில் சுற்றுகின்றன. அதன் கணக்கில் நீங்கள் திருப்பவே இல்லை. சுழற்சியையே நேராக உணரும் கைரோஸ்கோப் என்ற இன்னொரு உணரி உண்டு. ஆனால் விலை குறைந்த சில போன்களில் அது இருக்காது. இருந்தாலும் எல்லா கேம்களும் அதைப் பயன்படுத்துவதில்லை.

எனவே முதல் வேலை, சீட்டை நிமிர்த்துங்கள். பிறகு கேமின் செட்டிங்ஸில் ‘கேலிப்ரேட்’ என்று ஒன்று இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நீங்கள் வழக்கமாகப் போனைப் பிடிக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு அதை அழுத்துங்கள். ‘இதுதான் நேர்’ என்று அதற்குச் சொல்லிக்கொடுப்பதாக அர்த்தம். பக்கத்திலேயே ‘சென்சிடிவிட்டி’ இருக்கும், போனைக் கொஞ்சம் திருப்பினால் கார் எவ்வளவு திரும்ப வேண்டும் என்ற அளவு அது. அதைக் கொஞ்சம் குறைத்து வையுங்கள். புதிதாக ஓட்டுகிறவர்கள் காரை முட்டுவது பெரும்பாலும் குறைவாகத் திருப்பியதால் அல்ல, அளவுக்கு மீறித் திருப்பிவிட்டு, அதைச் சரிசெய்ய மறுபக்கம் அதைவிட அதிகமாகத் திருப்பியதால். (பஸ்ஸில் போகிறபோது விளையாடும் வாசகர்களுக்கு: பஸ் வளைவில் திரும்பினால் உங்கள் கேம் காரும் ஆடும். முடுக்கமானிக்குப் பூமி இழுப்பதும் பஸ் தள்ளுவதும் ஒன்றுதான்.)

அடுத்து, எதிர்ப்பக்கம் இழுக்கும் கதை. அது பேய் அல்ல, உதவி. பல கேம்களில் ஸ்டியரிங் உதவி, பிரேக் உதவி இரண்டும் முதலிலிருந்தே இயங்கிக்கொண்டிருக்கும். 2018-இல் வந்த அஸ்ஃபால்ட் 9-இல் ‘டச்டிரைவ்’ என்றொரு முறை. கார் தானே திரும்பிக்கொள்ளும், எந்தப் பாதையில் போவது, எப்போது நைட்ரோ (காரைச் சட்டென்று சீறிப்பாய வைக்கும் கூடுதல் வேகம்) கொடுப்பது என்பது மட்டும் நம் வேலை. ஒன்றுமே தெரியாதவருக்கு இந்த உதவி பெரிய வரம். உங்களைப் போன்றவருக்கோ, பயிற்சிப் பள்ளிக் காரில் பக்கத்து சீட்டுக்காரரும் பிரேக் மிதிப்பது போல. ஸ்டியரிங் உதவியை மட்டும் முதலில் நிறுத்துங்கள். இரண்டையும் ஒரே நாளில் நிறுத்தினால் மூன்றாவது வளைவுவரைகூடப் போக மாட்டீர்கள்.

பிரேக் வழுக்குவது கோளாறே இல்லை. வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். வேடிக்கைக்காகச் செய்யப்பட்ட பந்தய கேம்கள் பலவற்றில், வளைவுக்குள் பிரேக்கைத் தொட்டால் கார் பின்பக்கம் சறுக்கத் தொடங்கும். அதற்கு ‘டிரிஃப்ட்’ என்று பெயர். சறுக்கச் சறுக்க நைட்ரோவும் நிரம்பும். மலைப்பாதையில் பயணிகள் அலறும் காரியத்துக்கு அங்கே பரிசு கொடுக்கிறார்கள். உங்களுக்குப் பிடிக்காவிட்டால், கொல்லிமலையில் செய்வதையே செய்யுங்கள்: வளைவுக்கு முன்னால், கார் நேராக இருக்கும்போதே பிரேக், வளைவுக்குள் பிரேக் கிடையாது.

ஆனாலும் ஒன்று மிச்சமிருக்கிறது. நீங்கள் வண்டி ஓட்டுவது கண்ணால் மட்டும் அல்ல. வேகம் கூடினால் இடுப்புக்குத் தெரியும்; டயர் பிடி விடப்போகிறது என்றால் உள்ளங்கைக்குத் தெரியும். 22 ஆண்டுகளில் இதெல்லாம் யோசிக்காமலே நடக்கிறது. போனில் இடுப்புக்கும் உள்ளங்கைக்கும் எந்தச் செய்தியும் வராது. அதனால் 60-இல் போவதாக உங்கள் உடம்பு நம்புகிறது, திரையில் 180 ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு நொடிக்கு 50 மீட்டர். நீங்கள் போனைத் திருப்பி, அது திரையில் தெரிவதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு ஆனாலே கார் 5 மீட்டர் முன்னால் போயிருக்கும். ஒரு முழுக் கார் நீளம்! எனவே பம்பருக்கு முன்னால் இருக்கும் சாலையைப் பார்க்காதீர்கள். அடுத்த வளைவைப் பார்த்து, தேவைப்படுவதற்குச் சற்று முன்பே திருப்பத் தொடங்குங்கள். உங்கள் மகளுக்கு மறப்பதற்கு எந்தப் பழக்கமும் இல்லை. அவளுக்குச் சுலபமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாமக்கல் வெயிலையும் கணக்கில் எடுங்கள். மதியம் காருக்குள் சார்ஜரில் செருகியபடி விளையாடினால் போன் சூடேறி, தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். படம் தட்டித் தட்டி ஓடும். மட்டமான சார்ஜராக இருந்தால் நீங்கள் தொடாத இடத்தைத் தொட்டதாகவும் திரை நினைத்துக்கொள்ளும். கழற்றிவிட்டு விளையாடுங்கள்.

சாய்த்து ஓட்டுவது கடைசிவரை ஒத்துவராவிட்டால் திரைப் பொத்தான்களுக்கு மாறலாம். பொத்தானில் பாதித் திருப்பம் கிடையாது. அழுத்தினால் முழுசு, விட்டால் ஒன்றுமில்லை. அதனால் அழுத்திப் பிடிக்காமல் விட்டு விட்டுத் தட்ட வேண்டும். அதுவும் சலித்தால் 2012-இல் வந்த ஹில் கிளைம்ப் ரேசிங் இருக்கிறது. ஆக்சிலேட்டரும் பிரேக்கும் மட்டும்தான், திருப்பும் வேலையே இல்லை. ஆனால் மலை உண்டு.

மகளின் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. இன்று இரவு அவள் தூங்கிய பிறகு, அம்மாவின் போனில் அந்த கேமைத் திறந்து செட்டிங்ஸுக்குப் போய்ப் பாருங்கள். ஸ்டியரிங் உதவி, பிரேக் உதவி இரண்டும் இயங்கிக்கொண்டிருக்கலாம். இருந்தால் இரண்டையும் அணைத்துவிட்டு, காலையில் அவளை ஒரு ரேஸுக்குக் கூப்பிடுங்கள்.