மையும் காகிதமும் ஒத்துப்போகாவிட்டால்: வாழ்த்து அட்டை கேள்வி-பதில்

ரப்பர் ஸ்டாம்ப்பும் வண்ணக் காகிதமும் வைத்து வாழ்த்து அட்டை செய்கிறவர்கள் அனுப்பும் கேள்விகளில் திரும்பத் திரும்ப வரும் வரி, ‘எனக்குக் கை வராது போலிருக்கிறது’ என்பதுதான். கேள்வியை முழுதாகப் படித்தால் கையில் ஒரு குறையும் தெரிவதில்லை. பெரும்பாலும் அந்த மைக்கு அந்தக் காகிதம் ஆகாது, அவ்வளவுதான். அதனால் மை, காகிதம் பற்றிய கேள்விகளுக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் எழுதியிருக்கிறேன். மற்றவற்றுக்குச் சுருக்கமாக.

புதிதாக வாங்கிய கண்ணாடி மாதிரியான ஸ்டாம்ப்பில் மை முத்து முத்தாகத் திரண்டு நிற்கிறது. அச்சு புள்ளி புள்ளியாக விழுகிறது. ஸ்டாம்ப் பழுதா?

பழுதில்லை. பாலிமர் ஸ்டாம்ப் புதிதாக இருக்கும்போது மேலே ஒரு வழுவழுப்பு இருக்கும். அதில் மை ஒட்டாது. பென்சில் அழிக்கும் மென்மையான ரப்பரால் மேற்பரப்பை லேசாகத் தேய்த்து, தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பிறகு வேண்டாத தாளில் சில முறை அச்சடித்தால் சரியாகிவிடும். உப்புத்தாளால் தேய்க்கச் சொல்கிறவர்களும் உண்டு. மெல்லிய கோடுகள் உள்ள ஸ்டாம்ப்பில் அதைச் செய்யாதீர்கள்.

அதன் பிறகும் ஓரங்கள் விட்டுப்போனால், மை தொடும் முறையை மாற்றுங்கள். ஸ்டாம்ப்பைப் பேடில் அமுக்காமல், ஸ்டாம்ப்பை மல்லாக்க வைத்து, பேடைக் கையில் எடுத்து அதன்மேல் மெல்லத் தட்டுங்கள். எந்த இடத்துக்கு மை போகவில்லை என்பது கண்ணுக்கு நேராகத் தெரியும். பாலிமர் ஸ்டாம்ப் என்றால் காகிதத்துக்கு அடியில் மவுஸ் பேட் போல ஏதாவது மெத்தென்று இருக்கட்டும். முதுகில் ஃபோம் ஒட்டிய சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப்புக்கு அது தேவையில்லை. எதுவானாலும் நேராக அமுக்கி நேராக எடுங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால்தான் படத்தைச் சுற்றி அழுக்குக் கோடு விழுகிறது.

கறுப்பு மையில் பூவை அச்சடித்து வாட்டர்கலர் தீட்டினால் கோடு கலைந்து சாம்பல் நிறமாகிறது. ‘வாட்டர்ப்ரூஃப்’ மை வாங்கினேன். இப்போது மார்க்கரில் தீட்டும்போது கலைகிறது! எந்த மைதான் நல்ல மை?

எல்லாவற்றுக்கும் நல்ல மை என்று ஒன்று இல்லை. முதலில் எதைக் கொண்டு வண்ணம் தீட்டப்போகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள். பிறகு அதில் கரையாத மையைத் தேடுங்கள். வாட்டர்கலர் தண்ணீரில் ஓடுகிறது, ஆகவே தண்ணீருக்கு அசையாத மை வேண்டும். ஆல்கஹால் மார்க்கர் ஆல்கஹாலில் ஓடுகிறது, அதற்கு ஆல்கஹாலில் கரையாத மை வேண்டும். ஸ்டேஸ்ஆன் போன்ற சால்வென்ட் மை (ஆவியாகும் கரைப்பானில் செய்தது) தண்ணீருக்கு மசியாது. ஆனால் ஆல்கஹால் மார்க்கர் பட்டால் இழுத்துக்கொண்டு போய்விடும். உங்களுக்கு நடந்தது இதுவாகத்தான் இருக்கும். மெமன்ட்டோ போன்ற டை இங்க் (கரையும் சாயத்தால் ஆன மை) இதற்கு நேர் எதிர்: மார்க்கருக்குத் தாங்கும், ஈரத் தூரிகைக்குத் தாங்காது. கலர் பென்சிலுக்கு இந்தக் கவலையே இல்லை. மை காய்ந்திருந்தால் போதும்.

பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். அதே மை ஒரு காகிதத்தில் தாங்கும், இன்னொன்றில் கசியும். நீங்கள் அட்டைக்குப் பயன்படுத்தும் அதே காகிதத்தின் துண்டு ஒன்றில் உங்களிடம் உள்ள எல்லா மையையும் வரிசையாக அச்சடித்துக் காயவிடுங்கள். ஒரு பாதியில் ஈரத் தூரிகை, மறுபாதியில் மார்க்கர் ஓட்டிப் பாருங்கள். பக்கத்தில் மையின் பெயரை எழுதிச் சுவரில் மாட்டிவிட்டால் அந்தச் சந்தேகம் மறுபடி வராது.

வாட்டர்கலர் காகிதத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொரசொரப்பான கோல்ட் பிரெஸ் காகிதத்தின் பள்ளங்களில் மை இறங்காததால் மெல்லிய கோடுகள் விட்டுவிட்டு விழும். ஸ்டாம்ப் அடிப்பதற்கு வழவழப்பான ஹாட் பிரெஸ் வகைதான் தோது.

பளபளப்பான காகிதத்தில் அடித்த அச்சு ஒரு நாள் ஆகியும் கையில் ஒட்டுகிறது.

பிக்மென்ட் மையாக (கரையாத நிறத்துகள் கலந்த மை) இருக்கும். அது காகிதம் உறிஞ்சினால்தான் உலரும். வழவழப்பான பூச்சுள்ள காகிதம் உறிஞ்சாது. ஹீட் கன்னால் (சூடான காற்றை வீசும் கருவி) சூடு காட்டுங்கள், இல்லையென்றால் எம்பாஸிங் பவுடர் (சூட்டில் உருகி மேடாகப் படியும் தூள்) தூவி உருக்கிவிடுங்கள். அடுத்த முறை இந்தக் காகிதத்துக்குச் சால்வென்ட் மை.

எம்பாஸிங் பவுடர் தூவினால் படத்தில் மட்டும் ஒட்டாமல் சுற்றிலும் தூள் தூளாக நிற்கிறது. சூடு காட்ட ஹேர் டிரையர் போதாதா?

போதாது. ஹேர் டிரையரில் காற்று அதிகம், சூடு குறைவு. பவுடர் உருகுவதற்கு முன் பறந்துவிடும். ஹீட் கன்னில் காற்று குறைவு, சூடு மிக அதிகம். இந்தக் கைவேலையில் வேறொன்றை வைத்துச் சமாளிக்க முடியாத கருவி இது ஒன்றுதான்.

சுற்றிலும் ஒட்டுவதற்கு இரண்டு காரணங்கள். ஒன்று நிலைமின்சாரம், மற்றொன்று விரலில் உள்ள எண்ணெய்ப் பிசுக்கும் காகிதத்தில் உள்ள ஈரமும். அச்சடிப்பதற்கு முன்பு ஆன்டிஸ்டாட்டிக் பையால் (நிலைமின்சாரத்தைப் போக்கும் தூள் அடங்கிய சிறு பை) காகிதம் முழுக்க ஒரு முறை துடைத்துவிடுங்கள். அந்தப் பை கிடைக்கவில்லையா, கொஞ்சம் டால்கம் பவுடரை மெல்லிய துணியில் முடிந்துகொள்ளலாம். பிறகு அச்சடித்து உடனே பவுடரைத் தூவி, தாளைச் சாய்த்து, பின்பக்கம் ஒரு சுண்டு சுண்டுங்கள். அப்படியும் மிஞ்சும் துகளை உலர்ந்த மெல்லிய தூரிகையால் எடுத்துவிடலாம். மை வெர்சாமார்க் மாதிரி மெதுவாக உலரும் ஒன்றாக இருக்க வேண்டும். டை இங்க் நீங்கள் பவுடர் டப்பாவைத் திறப்பதற்குள் காய்ந்துவிடும்.

சூடு காட்டும்போது ஹீட் கன்னைச் சில விநாடிகள் தனியாக ஓடவிட்டு, நன்றாகச் சூடேறிய பிறகு காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள். பவுடர் மங்கலாக இருந்து சட்டென்று பளபளக்கும். அந்த நொடியே நகர்த்திவிட வேண்டும். ‘இன்னும் கொஞ்சம்’ என்று நின்றால் உருகியது காகிதத்துக்குள் இறங்கி எண்ணெய்க் கறை போலாகிவிடும். சின்ன எழுத்துகளுக்கு மெல்லிய ரகப் பவுடர் வாங்குங்கள், சாதாரணப் பவுடரில் எழுத்தின் சுழிகள் அடைத்துக்கொள்ளும். கட்டிங் மேட்டின் மேல் வைத்துச் சூடு காட்டாதீர்கள், அது நெளிந்து போகும்.

தடித்த அட்டையை மடித்தால் மடிப்பில் வெடிப்பு விடுகிறது. 250 ஜிஎஸ்எம்தான் வாங்கினேன். இன்னும் மெல்லியது வாங்கவா?

வேண்டாம், அட்டையின் அடித்தளத்துக்கு 250 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்ற எடை) சரியான தடிமன். நீங்கள் மடிக்கும் திசைதான் தவறு என்று நினைக்கிறேன்.

காகிதத்தில் நார்கள் ஒரு திசையில் அதிகமாக ஓடும். அந்த ஓட்டத்தோடு மடித்தால் மடிப்பு நேராக விழும், குறுக்கே மடித்தால் நார் ஒடிந்து வெடிக்கும். கண்டுபிடிப்பது எளிது: தாளை மடித்துவிடாமல் ஒரு பக்கமாக வளைத்து, கையால் அழுத்திப் பாருங்கள், பிறகு மறுபக்கமாக. எந்தப் பக்கம் எதிர்ப்பில்லாமல் வளைகிறதோ அதுதான் மடிக்க வேண்டிய திசை.

ஏ4 தாளில் பெரும்பாலும் நார் நீளவாட்டில் ஓடும். ஒரே அளவு அட்டையை இதில் இரண்டு விதமாக வெட்டலாம். ஏ4 தாளைக் குறுக்கே இரண்டாக வெட்டி, கிடைக்கும் 210 × 148 மி.மீ. துண்டை மடித்தால் ஏ6 அட்டை வரும். மடிப்பு நார் ஓட்டத்தோடு விழும். அதே ஏ4 தாளை நீளவாட்டில் இரண்டாகக் கிழித்து 297 × 105 துண்டாக்கி மடித்தாலும் ஏ6 அட்டைதான், ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே. கடையில் ஒரே பாக்கெட்டில் வாங்கிய இரண்டு தாளில் ஒன்று வெடிக்கிறது, மற்றொன்று வெடிக்கவில்லை என்று எழுதியிருந்த இன்னொருவருக்கும் இதுவே பதிலாக இருக்கலாம்.

மடிப்பதற்கு முன் ஸ்கேல் வைத்து, போன் ஃபோல்டராலோ (மடிப்புத் தடம் போடும் மழுங்கிய தட்டைக் கருவி) எழுதாத பால்பாயின்ட் பேனாவாலோ ஒரு தடம் போடுங்கள். தடம் போட்ட பக்கம் வெளியே, பின்னால் புடைத்த பக்கம் மடிப்புக்கு உள்ளே இருக்க வேண்டும். மாற்றி மடிக்கிறவர்கள்தான் அதிகம்! ஏ6 அட்டைக்கு 114 × 162 மி.மீ. அளவுள்ள சி6 உறை பொருந்தும்.

ஒட்டிய பிறகு அட்டை வளைந்துகொள்கிறது.

வெள்ளைப் பசையில் உள்ள தண்ணீரைக் காகிதம் குடித்து விரிகிறது, காயும்போது சுருங்கி அட்டையையும் சேர்த்து இழுக்கிறது. பெரிய தாளை ஒட்ட இரட்டைப் பக்க டேப் போதும். டேப்பில் ஒரு சங்கடம்: கோணலாக வைத்துவிட்டால் எடுக்க முடியாது. அதற்கு டேப்பின் தாளை உரித்த பிறகு அதன்மேல் ஒரு துளி திரவப் பசை வையுங்கள், நகர்த்திச் சரிசெய்யச் சில நொடிகள் கிடைக்கும். ஃபோம் டேப் ஒட்டும்போது நான்கு மூலையோடு நிறுத்திவிடாதீர்கள், நடுவிலும் ஒன்று வையுங்கள். இல்லையென்றால் நாளடைவில் நடுப்பகுதி தொய்ந்துவிடும்.

பூச்செண்டு மாதிரி ஒரு பூவுக்குப் பின்னால் இன்னொரு பூ தெரிய வேண்டும். ஒன்றின் மேல் ஒன்று அடித்தால் கோடுகள் குழம்புகின்றன.

முன்னால் இருக்க வேண்டிய பூவை முதலில் அடியுங்கள். அதே பூவை ஒட்டுத்தாளில் (மேலே பசை உள்ள குறிப்புத் தாள்) ஒரு முறை அடித்து வெட்டி, அதை முதல் பூவின் மேல் மூடி, பின் பூவை அதன்மேல் பாதி விழும்படி அடித்துவிட்டு மூடியை எடுங்கள். வெட்டும்போது கோட்டுக்கு ஒரு மயிரிழை உள்ளே வெட்ட வேண்டும். வெளியே விட்டு வெட்டினால் இரண்டு பூவுக்கும் நடுவே வெள்ளை இடைவெளி தெரியும்.

பாப்-அப் அட்டை செய்தேன். திறந்தால் அழகாக நிற்கிறது, மூடினால் உருவம் வெளியே நீட்டுகிறது!

ஒரு சின்னக் கணக்கு இருக்கிறது. மடிப்பிலிருந்து இரண்டு கீறல் போட்டு உள்ளே தள்ளும் பெட்டி வகையைத்தான் செய்திருப்பீர்கள். கீறலின் நீளத்தையும் பெட்டி முகப்பில் ஒட்டும் உருவத்தின் உயரத்தையும் கூட்டுங்கள். அந்தக் கூட்டுத்தொகை அட்டையின் ஒரு பக்கத்தின் அளவை (மடிப்பிலிருந்து எதிர் ஓரம் வரை) விடக் குறைவாக இருக்க வேண்டும். அந்த அளவு 105 மி.மீ., கீறல் 30 மி.மீ. என்றால் உருவம் 75-ஐத் தாண்டக் கூடாது. 70 என்று வைத்துக்கொண்டால் நிம்மதி. வெறும் பெட்டி மட்டும் என்றால் கீறலின் நீளம் அந்த அளவில் பாதிக்கும் குறைவாக இருந்தால் போதும்.

கீறல் போட்ட அட்டைக்குப் பின்னால் இன்னொரு தாளை ஒட்டி ஓட்டையை மறைக்க மறந்துவிடாதீர்கள். அந்தப் பெட்டியின் முதுகில் மட்டும் பசை படக் கூடாது.

அழிக்கும் ரப்பரில் பெயரைச் செதுக்கி ஸ்டாம்ப் செய்ய ஆசை. எழுத்தைத் திருப்பி எழுதத் தெரியவில்லை.

திருப்பி எழுதவே வேண்டாம். 2பி அல்லது அதைவிட மென்மையான பென்சிலால் தாளில் நேராக எழுதி, எழுதிய பக்கத்தை ரப்பரின் மேல் கவிழ்த்து, பின்னாலிருந்து நகத்தால் தேய்த்தால் எழுத்து தானாகத் திரும்பி ரப்பரில் ஏறிவிடும். அச்சடிக்கும்போது மறுபடி திரும்பி நேராக வரும். செதுக்கும்போது கத்தியை எழுத்திலிருந்து வெளிப்பக்கம் சரியும்படி பிடியுங்கள். எழுத்தின் அடிப்பாகம் அகலமாக நின்றால்தான் அமுக்கும்போது கோடு வளையாது. வளைவு வரும் இடத்தில் கத்தியைத் திருப்பாமல் ரப்பரைத் திருப்புங்கள். முடிந்ததும் காகிதத்தில் சுற்றி வையுங்கள். வினைல் ரப்பரைப் பிளாஸ்டிக் பெட்டியில் அப்படியே போட்டால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும்.

டை கட்டிங் மெஷின் (வடிவ அச்சை அழுத்திக் காகிதத்தை வெட்டும் இயந்திரம்) வாங்கலாமா? இப்போதுதான் ஆரம்பித்திருக்கிறேன்.

இப்போது வேண்டாம். நல்ல பேப்பர் டிரிம்மர் (காகிதத்தை நேராக வெட்டும் கருவி), ஒரு போன் ஃபோல்டர், இரண்டு நல்ல மை போதும். ஒரே வடிவத்தை அடிக்கடி கத்தரிக்கோலால் வெட்டிச் சலித்துப்போகும்போது மெஷினை யோசிக்கலாம்.

பாலிமர் ஸ்டாம்ப்பில் நிறக் கறை போகவே மாட்டேன் என்கிறது. சில ஸ்டாம்ப் மஞ்சளாகிவிட்டது.

கறை பார்வைக்குத்தான், அச்சைப் பாதிக்காது. மஞ்சள் நிறம் வெளிச்சத்தால் வருவது. வெயில் படாமல் மூடி வையுங்கள். அதிகமாக வெளிச்சம் பட்டால் பாலிமர் இறுகி விரிசல் விடும். கழுவ ஆல்கஹால் இல்லாத ஈரத் துடைப்பான் போதும். சால்வென்ட் மைக்கு மட்டும் அதற்குரிய கிளீனர் வேண்டும். அந்த மையைக் கூடியவரை சிவப்பு ரப்பர் ஸ்டாம்ப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள். கூடவே இன்னொன்று: டை இங்க் பேடைத் தலைகீழாக அடுக்கினால் மை பேடின் மேற்பரப்பிலேயே தங்கும்.

நான் செய்த அட்டைகளை விற்கலாமா? ஸ்டாம்ப் நான் காசு கொடுத்து வாங்கியதுதானே?

ஸ்டாம்ப் உங்களுடையது. அதிலுள்ள ஓவியத்தின் உரிமை வரைந்தவருக்கோ நிறுவனத்துக்கோ உரியது. பல நிறுவனங்கள் ‘ஏஞ்சல் பாலிசி’ என்ற பெயரில் விற்பனைக்கு அனுமதி தருகின்றன. ஒவ்வொரு அட்டையையும் கையால் அச்சடித்திருக்க வேண்டும், ஸ்கேன் செய்து பிரின்ட் போடக் கூடாது என்பது பொதுவாக அதில் இருக்கும். சில நிறுவனங்கள் அட்டையின் பின்புறம் தங்கள் பெயரைப் போடச் சொல்லும். நிறுவனத்துக்கு நிறுவனம் விதி வேறு, வாங்கும்போதே படித்துவிடுங்கள். புகழ்பெற்ற கார்ட்டூன் பாத்திரங்கள் உள்ள ஸ்டாம்ப் என்றால் விற்பனை எண்ணமே வேண்டாம் என்பது என் கருத்து. கையால் செதுக்கிய உங்கள் சொந்த ஸ்டாம்ப்புக்கு யாரிடமும் கேட்க வேண்டியதில்லை.

குவில்லிங் பூ (காகிதப் பட்டையைச் சுருட்டிச் செய்வது) ஒட்டிய அட்டையைத் தபாலில் அனுப்பினால் நசுங்கிப் போகிறது.

5 மி.மீ. பட்டைக்குப் பதில் 3 மி.மீ. பட்டையில் செய்யுங்கள். பூவைச் சுற்றிச் சட்டம் போல ஃபோம் டேப்பை இரண்டு அடுக்காக, பூவைவிடச் சற்று உயரமாக ஒட்டி, மேலே காகித ஓரம் கட்டினால் அழுத்தம் முழுவதும் சட்டத்தின் மேல் விழும். சாதாரணக் கடிதங்களை முகவரிவாரியாகப் பிரிக்கும் இயந்திரத்தில் உறை உருளைகளுக்கு நடுவே போகும். ஆகவே உறைக்குள் ஒரு தடித்த அட்டையும் சேர்த்து, தபால்பெட்டியில் போடாமல் கவுன்ட்டரில் கொடுத்து, உரிய கட்டணத்தைக் கேட்டுக் கட்டிவிடுங்கள். கட்டணம் குறைந்தால் மீதியைப் பெறுகிறவரிடம் வசூலிக்கவும் வாய்ப்புண்டு.