கேமரா வந்தாச்சு, கத்துக்குடுக்க யாரு? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஒரு மாவட்ட மியூசியத்துல 14 வருஷமா வேலை பாக்குறேன். போன வருஷம் கேமரா, ஸ்கேனர், கம்ப்யூட்டர் எல்லாம் வந்து இறங்குச்சு. ட்ரெய்னிங்னு ரெண்டு நாள் ஒருத்தர் வந்து ஸ்லைடு போட்டுக் காட்டிட்டுப் போனாரு, அதுக்கப்புறம் யாரும் அதைத் தொடல. "இங்க இருக்கிற ஸ்டாஃபுக்கு இதெல்லாம் வராது, வெளி ஆளை வெச்சுக்கலாம்"னு பேச்சு ஓடுது. நிஜமாவே எங்களுக்கு வராதா சார்?
– பெயர் வேண்டாம், டெல்டா மாவட்டம்

பதில்: வரும்மா, நல்லாவே வரும். உங்களுக்கு நடந்தது ட்ரெய்னிங்கே இல்ல, மெஷினை அறிமுகப்படுத்தி வெச்சிருக்காங்க அவ்வளவுதான். நான் சில வருஷம் ஒரு மியூசியத்துல டாக்குமென்டேஷன் வேலை பாத்தவன், அங்க வெளி ஆளை வெச்சு ஒரே வாரத்துல நூத்துக்கணக்கான போட்டோ எடுத்தாங்க, படமெல்லாம் பளிச்சுனு இருந்துச்சு. ஆனா பைல் பேர் எல்லாம் கேமரா குடுத்த நம்பர் அப்படியே. மூணு மாசம் கழிச்சு ஒரு சின்ன அம்மன் சிலையோட படத்தைத் திறந்து வெச்சுக்கிட்டு மியூசியத்துக்கு வந்த பொருளையெல்லாம் நம்பர் போட்டு எழுதி வெக்கிற ரெஜிஸ்டர்ல இது எந்த அம்மன்னு தேடுறோம், அதுல "அம்மன், செம்பு, உயரம் 1 அடி 4 அங்குலம்"னு ஒரே மாதிரி நாலு வரி இருக்கு. பீடத்துக்கு அடியில சிவப்பு பெயின்ட்ல நம்பர் எழுதியிருக்கும், அந்தப் பக்கத்தை யாரும் படமே எடுக்கல.

அந்த கேலரியில ரொம்ப வருஷமா நிக்கிற அட்டெண்டர் அண்ணன் ஒருத்தர் வந்து எட்டிப் பாத்துட்டு, "இது வயல்ல ஏர் ஓட்டும்போது கிடைச்சதுங்க சார், இடது கை விரல் அப்பவே ஒடஞ்சிருந்துச்சு, கொண்டு வந்தப்ப காதுக்குள்ள மண்ணு இருந்துச்சு, நான்தான் தொடச்சேன்"னாரு. நம்ம ஊர் மியூசியங்கள்ல இருக்கிற செப்புச் சிலைகள்ல நிறைய இப்படிப் பூமிக்குள்ள இருந்து கிடைச்சு, 1878ம் வருஷத்து புதையல் சட்டம் வழியா வந்து சேர்ந்ததுதான். அவர் சொன்ன அந்த விஷயம் ரெஜிஸ்டர்லயும் இல்ல, போட்டோவுலயும் இல்ல, அவர் ரிட்டையர் ஆனா அவரோடயே போயிடும். அந்த மனுஷனை ட்ரெய்னிங்குக்கு கூப்பிடவே இல்ல, கேமரா பையை காவல் காக்கச் சொல்லியிருந்தாங்க. அது இன்னைக்கும் எனக்கு ஆறல.

அதனால நான் சொல்றது, ஸ்லைடு வேண்டாம், பத்து சிலை போதும். உங்க மியூசியத்துலயே பத்து பொருளை எடுத்துக்கோங்க, பக்கத்துல ரெஜிஸ்டரைத் திறந்து வைங்க, பொருளைத் தெரிஞ்ச ஒருத்தர், கேமரா பிடிக்கிற ஒருத்தர், டைப் பண்ற ஒருத்தர்னு மூணு பேரா உக்காருங்க. அளவு ஸ்கேலும் நம்பர் சீட்டும் ஃப்ரேமுக்குள்ள தெரியணும், முன்னாடி, பின்னாடி, ரெண்டு பக்கம், அடிப்பாகம், அப்புறம் அந்தப் பெயின்ட் நம்பர், ஒடஞ்ச இடம் எல்லாம் கிட்டப் போய் எடுக்கணும். ஃப்ளாஷ் அடிச்சா செம்புல வெள்ளைத் திட்டா விழும், ஜன்னல்ல வெள்ளை வேட்டி ஒண்ணைக் கட்டி அந்த வெளிச்சத்துல எடுத்துப் பாருங்க, மடிப்பு, கொசுவம், ஆபரணம் எல்லாம் தெளிவா வரும். பைல் பேர் ரெஜிஸ்டர் நம்பராவே இருக்கட்டும். ஒரிஜினல் பைலைத் தனியா வெச்சுட்டு காப்பியிலதான் வேலை பாக்கணும், ஒரு காப்பி வேற கட்டடத்துல இருக்கணும். வாட்ஸப்ல போட்டோவா அனுப்பி வாங்கிக்கிறதை மட்டும் தயவுசெஞ்சு விட்டுடுங்க, அது படத்தைச் சுருக்கிடும், எடுத்த தேதி விவரமும் அழிஞ்சு போகும்.

இன்னொண்ணு, நம்ம ஆபீஸ்கள்ல பழைய லிஸ்ட் எல்லாம் வானவில், பாமினி மாதிரி ஃபான்ட்ல அடிச்சு வெச்சிருப்பாங்க, அந்த ஃபான்ட் இல்லாத கம்ப்யூட்டர்ல திறந்தா குப்பை குப்பையா எழுத்து வரும், "நடராஜர்"னு தேடினா ஒண்ணும் வராது. அதை எந்தக் கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி தெரியுற யூனிகோடு எழுத்துக்கு மாத்தக் கத்துக்கிறது ஒரு மத்தியான வேலை, கன்வர்ட்டர் இலவசமாவே கிடைக்குது. மாத்தினப்புறம் ஒருத்தர் வரி வரியா சரிபாக்கணும், ற-வும் கொம்பும் அங்கங்க இடம் மாறியிருக்கும். டெல்லி தேசிய அருங்காட்சியகம், கொல்கத்தா இந்தியன் மியூசியம், ஹைதராபாத் சாலார்ஜங் மாதிரி இடங்கள்ல மத்திய அரசோட கம்ப்யூட்டர் ஆராய்ச்சி நிறுவனமான சி-டாக் செஞ்ச ஜதன்னு ஒரு சாப்ட்வேரை, பொருள் விவரம், படமெல்லாம் பதிஞ்சு வெக்க யூஸ் பண்றாங்க. நாளைக்கு உங்களுக்கும் அப்படி ஒண்ணு வந்தா உள்ள போடுறதுக்கு இந்த லிஸ்ட்தான் வேணும், லிஸ்ட் தப்பா இருந்தா எந்த சாப்ட்வேரும் அதைத் திருத்தித் தராது.

கேள்வி: சிலைதான் கண்ணு முன்னாடி இருக்கே, இவ்வளவு செலவு பண்ணி ஸ்டாஃபுக்கு கத்துக்குடுத்து போட்டோ எடுத்து என்ன ஆகப்போகுது?
– வாசகர், சேலம்

பதில்: அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் நடராஜரை நினைச்சுப் பாருங்க. கோயில்ல இருந்து திருடு போய், 2008ல ஆஸ்திரேலியாவோட தேசிய கேலரி சுமார் 50 லட்சம் டாலர் குடுத்து வாங்கி வெச்சிருந்த சிலை அது. எங்க கோயில் சிலைனு வாயால சொன்னா யாரும் தர மாட்டாங்க, பாண்டிச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்காரங்க முன்னாடி கோயில் கோயிலா போய் எடுத்து வெச்சிருந்த போட்டோவோட ஒப்பிட்டுப் பாத்தாங்க, 2014 செப்டம்பர்ல ஆஸ்திரேலிய பிரதமரே கொண்டு வந்து ஒப்படைச்சாரு. எடுத்தவங்க இப்படி ஒரு நாள் வரும்னு நினைச்சு எடுத்திருக்க மாட்டாங்க, ஒழுங்கா எடுத்து இடம் பேர் எழுதி வெச்சாங்க. ரியோ டி ஜெனீரோவுல 2018 செப்டம்பர் 2 ராத்திரி பிரேசில் தேசிய மியூசியம் எரிஞ்சப்ப அவங்க சேகரிப்புல இருந்தது சுமார் 2 கோடி பொருள், உடனே அந்த ஊர் யுனிவர்சிட்டியில மியூசியம் பத்தின படிப்பு படிச்ச பசங்க, உங்க போன்ல அந்த மியூசியத்துல எடுத்த படம் இருந்தா அனுப்புங்கன்னு ஜனங்ககிட்ட கேட்டாங்க. அந்த நிலைமை நமக்கு வேண்டாங்க.

கேள்வி: எங்க மியூசியத்துக்கு ஃபேஸ்புக், இன்ஸ்டா பக்கம் ஆரம்பிக்கப் போறோம். ஏஜென்சிகிட்ட குடுக்கறதா, நாங்களே பண்றதா?
– வாசகி, மதுரை

பதில்: நீங்களே பண்ணுங்க. அமெரிக்காவுல ஓக்லஹோமா நகரத்துல கௌபாய் மியூசியம் ஒண்ணு இருக்கு, 2020 மார்ச்ல கொரோனாவுக்காக மூடினப்ப உள்ள இருந்த செக்யூரிட்டி ஹெட் டிம்கிட்ட ட்விட்டரைக் குடுத்துட்டாங்க. அவருக்கு ஹேஷ்டேக் போடக்கூடத் தெரியாது, அந்தக் குறிக்குப் பதிலா "ஹேஷ்டேக்"னு வார்த்தையாவே எழுதுவாரு, கடைசியில "தேங்க்ஸ், டிம்"னு கையெழுத்து மாதிரி போடுவாரு. தினமும் ரவுண்ட்ஸ் போற வழியில இருக்கிற பொருளைப் படம் எடுத்து தனக்குத் தோணினதை எழுதினாரு, கொஞ்ச நாள்லயே லட்சக்கணக்கான பேர் பின்தொடர ஆரம்பிச்சுட்டாங்க. அவர் அந்தப் பொருளோட தினமும் இருக்கிறவர், அது படிக்கிறவங்களுக்குத் தெரிஞ்சுது.

உங்க கிட்டயும் அப்படி ஒருத்தர் கண்டிப்பா இருப்பாங்க, ஸ்கூல் பசங்க வந்தா அவங்க பின்னாடிதான் கூட்டம் போகும். டைப் பண்ணத் தயங்கினாங்கன்னா அவங்க போன்லயே தமிழ் வாய்ஸ் டைப்பிங்கை ஆன் பண்ணிக் குடுங்க, பேசட்டும், நீங்க எழுத்துப்பிழை மட்டும் பாருங்க. எந்த நூற்றாண்டு, எந்த ஊர்ங்கறதை காப்பாட்சியர் (க்யூரேட்டர்) ஒருத்தர் சரிபாத்தா போதும், ஒரு போஸ்டுக்கு மூணு பேர் கையெழுத்துன்னு வெச்சீங்கன்னா ரெண்டாவது வாரமே நின்னு போயிடும். பாஸ்வேர்டை ஒருத்தர் தலையில மட்டும் வைக்காம ரெஜிஸ்டர் இருக்கிற பீரோவுலயே கவர்ல போட்டு ஒட்டி வைங்க, அவருக்கு டிரான்ஸ்பர் வந்தாலும் பக்கம் ஓடும்.